தட்டினால் பதில் வரும்

"உனக்குக் கை என்ன தேய்ஞ்சா போயிடும்? அம்மாவுக்கு வாரத்துக்கு ஒரு போனாவது பண்ணக் கூடாதா?"

நாத்தனார் போனில் பொரிந்து தள்ளினாள்.

இந்தப் பக்கம் மருமகளுக்கு இரண்டு கையிலும் பிளாஸ்டர் மாவு. பல் செட் செய்யும் லேபில் வேலை. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "பண்றேன் அண்ணி" என்றாள்.

"நீ பண்ணிக் கிழிச்சே! என் தம்பியைப் பாரு. அப்பா போனப்புறம் அம்மாவைத் தாங்கிட்டு இருக்கறதே அவன்தான். எத்தனை வேலை இருந்தாலும், அம்மா தட்டினா உடனே பதில் தட்டறான்."

தட்டுவது என்றால், கைப்பட்டையில்.

மாமனார் இறந்த பிறகு ஊரில் அத்தைக்குத் தனிமை. படபடப்பு, தூக்கமும் இல்லை. மனசு லேசாகும் என்று எங்கேயோ விளம்பரம் பார்த்து, மகன் ஒரு ஜோடி கைப்பட்டை வாங்கினான். அம்மாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. அங்கே விரலால் தட்டினால் இங்கே மணிக்கட்டில் அதிரும். இங்கே தட்டினால் அங்கே. பேச வேண்டாம், எழுத வேண்டாம். 'நான் இருக்கேன்' என்று ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான். அத்தைக்கு அதில் அப்படி ஒரு ஆறுதல்.

வாங்கின வாரமே மகன் அதைக் கழற்றி டிவி பக்கத்தில் போட்டுவிட்டான்.

"அரிக்குது. மீட்டிங்ல வேற நொய்நொய்னு உயிரை எடுக்குது."

அது பாட்டுக்கு டிவி பக்கத்தில் கிடந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. பார்க்கப் பொறுக்காமல் மருமகள் அதைத் தன் போனோடு இணைத்து, கையில் கட்டிக்கொண்டாள்.

போனில் அத்தையிடம் 'சாப்பிட்டீங்களா'வுக்கு மேல் அவளுக்குப் பேச்சு வராது. தட்டுவது சுலபமாக இருந்தது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டே தட்டினாள். கை முழுக்கப் பிளாஸ்டராக இருந்தால் முகவாயை வைத்துத் தட்டினாள்.

"என்னடி, கழுத்து பிடிச்சுக்கிச்சா?" என்று பக்கத்து மேஜைக்காரி தைலம்கூட எடுத்து நீட்டினாள்.

உழைப்பு இவளுக்கு, பெயர் கணவனுக்கு. அவனும் கூச்சநாச்சம் இல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டான். "பெத்தவளுக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படிக்கா?"

மருமகள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை தட்டுகிறான் என்ற நினைப்பில்தான் அத்தை இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். அந்தத் தூக்கத்தில் மண்ணைப் போடுவானேன்?

வந்தது வினை. நாத்தனார் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு கிளம்பி வந்தாள்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும், மருமகள் கைப்பட்டையைக் கழற்றிக் கணவன் கையில் மாட்டினாள்.

"இப்ப எதுக்கு இது?"

"பேசாம போட்டுக்கங்க. அத்தை மனசு உடைஞ்சிடும்."

எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். காபி வந்தது. நாத்தனார் கண்ணில் முதலில் பட்டது தம்பியின் கைதான்.

"பாத்தியாம்மா? வீட்டுலகூடக் கழட்டறதில்லை!" என்றவள் மருமகள் பக்கம் திரும்பினாள். "இதையெல்லாம் பாத்துக் கத்துக்கோ."

அத்தை சிரித்துக்கொண்டே தன் மணிக்கட்டில் மெல்லத் தட்டினாள்.

"ஐயோ!"

மகன் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான். காபி மொத்தமும் சட்டையில்.

"கையில என்னமோ கடிச்சிடுச்சு!"



"ஏண்டா, தினமும் தட்டறவன்தானே நீ?" அக்காவின் புருவம் மேலே போனது.

அவன் சட்டையைத் துடைக்க ஆரம்பித்தான்.

மருமகளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "மன்னிச்சிடுங்க அத்தை. அவர் தட்டலை. இத்தனை நாளும் நான்தான் உங்களை ஏமாத்தி..."

அத்தை எழுந்தாள். மகன் கையிலிருந்து பட்டையைக் கழற்றினாள். மருமகளைப் பக்கத்தில் இழுத்து, அவள் கையில் கட்ட ஆரம்பித்தாள்.

"அம்மா, அது தம்பியோடது!" என்றாள் நாத்தனார்.

"போன தடவை ஆபீஸ் வேலையா நம்ம ஊருக்கு வந்தானே உன் தம்பி, அப்ப என் பக்கத்துல சோபாவுல படுத்து, வெறுங்கையோட குறட்டை விட்டுட்டு இருந்தான். நான் சும்மா ஒரு தட்டு தட்டிப் பாத்தேன். இவன் புரண்டுகூடப் படுக்கலை. ஆனா எனக்குப் பதில் வந்துச்சு."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சும் ஏன் அத்தை சொல்லலை?"

"சொன்னா, மாட்டிக்கிட்டோமேன்னு நீ நிறுத்திட்டா என்ன பண்றது?" அத்தை பட்டையை இறுக்கிவிட்டு, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "அன்னியிலிருந்து நான் தட்டினதெல்லாம் உன்னைத்தாம்மா."