பாதியில் நின்ற நாவல்

ஓர்லிகோன் ரயில் நிலைய மேடையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை பார்த்துவிட்டு வந்த யதுஷா, இருப்பதும் எழும்புவதுமாகக் கைபேசியையே பார்க்கிறாள். தொலைவில் நொஷாட்டல் நகரில் வசிக்கும் ரிஷானியை அவள் நேரில் கண்டதில்லை. பிடித்த புத்தகங்களைச் சொல்லிக்கொள்ளும் இணையக் குழுவில் பழக்கம். போன வாரம் யதுஷா அவளுக்கு ஒரு நாவலை வாசிக்கச் சொன்னாள். கடலில் போய்த் திரும்பாத மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் கதை. ரிஷானியின் தம்பியும் படகில் போய்க் காணாமற் போனவன் என்பது, குழுவின் பழைய பதிவொன்றில் இன்று மத்தியானம்தான் கண்ணில் பட்டது. உடனே, "அதை வாசிக்காதேங்கோ" என்று எழுதினாள். ரிஷானி அதைப் பார்த்துவிட்டதைக் கைபேசி காட்டுகிறது; பதிலுக்குத்தான் யதுஷா காத்திருக்கிறாள். குழந்தை வண்டி ஒன்று கிறீச்சிட்டபடி கடக்கிறது. யாரோ பிய்த்துத் தின்னும் சூடான பாண் ரொட்டியின் மணம் மேடையில் பரவுகிறது. யதுஷா பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுகிறாள். ஒலிபெருக்கி அவளுடைய ரயிலை அறிவிக்கையில் கைபேசி அதிர்கிறது. ரிஷானியின் குரலை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறாள்.

"அக்கா, பாதி வாசிச்சிட்டன். அதுக்கு அங்கால தனிய வாசிக்க ஏலாமல் கிடக்கு."

"எனக்குத் தெரியாமப் போச்சு ரிஷானி. அதை மூடி வையுங்கோ."

"மூடவும் மனமில்லை. நீங்கள் வாசிச்சுக் காட்டுவியளோ?"

ரயில் வந்து கதவுகள் திறக்கின்றன. யதுஷா ஏறவில்லை. மறுபடி வாசிக்கவென்று காலையில் கொண்டுவந்த தன் பிரதியை வெளியே எடுத்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்கிறாள். ரயில் கிளம்பும் இரைச்சலை மீறிக் கேட்கவேண்டுமே என்று சத்தமாக வாசிக்கத் தொடங்குகிறாள். மேடையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.