முழங்காலுக்கு ஒரு நன்றி

"உங்க மகளுக்கு முழங்கால் பிசகிச்சே, அதுக்காக நான் தினமும் ஆண்டவருக்கு நன்றி சொல்றேன், அம்மா."

சொன்னவர் கிளைவ் ராம்ஸ்டன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சவுத்போர்ட் டென்னிஸ் கிளப்பின் வேலிக்கு வெளியே, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பெவர்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் பொண்ணு ஒரு வருஷம் நொண்டி நொண்டி நடந்தது உமக்குச் சந்தோஷமா? இடத்தைக் காலி பண்ணும்யா!"

உள்ளே புல்தரையில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த இமோஜென் சிரித்துவிட்டாள். ஒரு வருடம் கழித்து இன்றுதான் அவளுக்கு முதல் ஆட்டம்.

"இரும்மா. என் முழங்கால் பிசகினதுக்கு நன்றி சொல்ல இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. என்னன்னு கேட்போம். சொல்லுங்க சார்."

"போன வருஷம் ஜூன் மாசம், வெள்ளிக்கிழமை. நீ ஜெயிப்பேன்னு பந்தயக் கடையில நாலாயிரம் பவுண்டு கட்டினேன், கண்ணு."

"நாலாயிரமா! என்னை நம்பியா? எங்கம்மாவே அவ்வளவு கட்ட மாட்டா."

"என் பொண்டாட்டி ஜீனுக்கு இடுப்பு எலும்பு தேஞ்சுபோச்சு. மாடிப்படி ஏற முடியாது. உக்காந்தா மேலே கொண்டுபோய் விடுமே, அந்த மின்சார நாற்காலி வாங்கச் சேத்து வச்ச காசு அது. ரெண்டு மடங்காக்கி அவகிட்ட குடுக்கலாம்னு ஒரு கிறுக்குப் புத்தி."

பெவர்லி இடுப்பில் வைத்த கையை எடுக்கவில்லை. ஆனால் போகச் சொல்லவும் இல்லை.

"முதல் செட்டு நீ ஜெயிச்சே. நான் கடையில குதிச்சேன். ரெண்டாவது போச்சு. மூணாவதுல உன்னை எதிர்த்து ஆடின பொண்ணு ஜெயிக்க ரெண்டே ரெண்டு பாயின்ட். அப்பத்தான் நீ விழுந்தே. எழுந்து நொண்டிக்கிட்டே போய் அவளுக்குக் கை குடுத்துட்டு விலகிட்டே. போச்சுடா எல்லாம்னு கடையை விட்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போய் ஜீன் முகத்தைப் பாக்க முடியல."

"அப்புறம்?"

"திங்கக்கிழமை கடைக்கார அம்மா போன் பண்ணினா. 'சீட்டை எடுத்துட்டு வாய்யா, உன் காசு இங்க கிடக்கு'ன்னா. ஆட்டம் முடியாம ஒருத்தர் விலகிட்டா அந்தக் கடையில பந்தயமே ரத்தாம். கட்டின காசு முழுசாத் திரும்ப வருமாம். எதிர்க்கடையில சட்டமே வேற. ஒரு செட்டு முடிஞ்சிருந்தாலே போதும், அடுத்த சுத்துக்குப் போறவங்கதான் ஜெயிச்ச மாதிரி. அங்க கட்டியிருந்தா நான் தெருவுலதான்."

"தப்பிச்சீங்க!" என்றாள் பெவர்லி, தன்னை அறியாமல்.

"காசை வாங்கின கையோட, இனிமே எந்தப் பந்தயக் கடையிலயும் என்னைச் சேர்க்காதீங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஜீன் இப்ப அந்த நாற்காலியில ராணி மாதிரி மாடிக்குப் போறா. டீக்கோப்பை கையில, ஒரு சொட்டுச் சிந்தாது!"

மூவரும் சிரித்தார்கள். பெவர்லி வேலிக்கதவைத் திறந்து விட்டாள். "உள்ளே வந்து உக்காருங்க" என்றாள். கிளைவ் உள்ளே வந்தார். உட்காரவில்லை.

இமோஜென் எழுந்து அவர் அருகில் வந்தாள்.

"சார், அன்னிக்கு என் போனுக்கு அறுநூறு மெசேஜ் வந்துச்சு. எல்லாம் திட்டு. என் மேல கட்டினவங்க, காசு போச்சேன்னு திட்டினாங்க. அவ மேல கட்டினவங்க, 'இன்னும் ரெண்டு பாயின்ட் நிக்க உனக்கு முடியலையா, எங்க பந்தயம் ரத்தாயிடுச்சே'ன்னு திட்டினாங்க."

"ஒருத்தன் எழுதினதை இவ இன்னிக்கும் மறக்கல" என்றாள் பெவர்லி. "'இனி உன் ஆயுசுக்கும் எழுந்து நடக்க மாட்டே'ன்னு சாபம் விட்டான், பாவி. அந்த வாரமே டென்னிஸை விட்டுடறேன்னு அழுதா. அதான் இனிமே எந்த ஊருக்கு ஆடப் போனாலும் நான் கூடவே போவேன்."

"நான் விழுந்ததால ஒரு குடும்பம் பிழைச்சிருக்கு" என்றாள் இமோஜென். "இது எனக்கு எவ்வளவு பெரிசுன்னு உங்களுக்குத் தெரியாது, சார். நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

பையைத் துழாவி, வீட்டார் உட்காரும் முன்வரிசைக்கு இரண்டு டிக்கெட் எடுத்து நீட்டினாள். "நீங்களும் ஜீனம்மாவும் இன்னிக்கு எங்கம்மா பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

கிளைவ் கை நீட்டவில்லை. தொப்பியை இரண்டு கைகளாலும் கசக்கினார். கண்கள் நிறைந்துவிட்டன.

"நன்றி சொல்றது பாதி வேலைதான், கண்ணு. மீதியைச் சொல்லத்தான் ஒரு வருஷமாத் தைரியம் வரல" என்றார். "காசு திரும்ப வரும்னு திங்கக்கிழமைதானே எனக்குத் தெரிஞ்சுது... வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடற்கரை பெஞ்சுல உக்காந்து அந்தச் சாபத்தை உனக்கு எழுதி அனுப்பினது நான்தான்."