வயிறு நசுங்கிய கொசு

ராயபுரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு பூச்சியோடு கல்லூரியின் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் அறைக்கு வந்திருந்தார்கள். தேனீ, எறும்பு, பட்டாம்பூச்சி என்று வாங்கி வைத்துக்கொண்டே வந்த ஆய்வக உதவியாளர் அசோகன், மெர்லினின் தீப்பெட்டியைத் திறந்ததும் முகம் சுளித்தார்.

"நசுங்காத பூச்சியாத்தானே கொண்டாரச் சொன்னேன்? இது வயிறு வெடிச்ச கொசு. ரத்தம் வேற காஞ்சு கெடக்கு. இரு, தொடச்சிடறேன்."

"தொடைக்க வேணாம் சார். அப்டியே வைங்க."

படம் பாழானால் தன்னைக் கேட்கக் கூடாது என்று முணுமுணுத்தபடி, மற்றப் பூச்சிகளுக்குப் போலவே அதற்கும் உருவம் தெளிவாகத் தெரிய மெல்லிசாகத் தங்கம் பூசி உள்ளே வைத்தார். திரையில் கொசுவின் கண் தேன்கூடு போல விரிந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

மெர்லின் மட்டும், "வயித்தாண்ட காட்டுங்க சார்" என்றாள்.

காட்டினார். காய்ந்த ரத்தத்தில் வட்ட வட்டமாகச் சிவப்பணுக்கள். அவள் திரையை ஒட்டிப் போய் நின்றாள். எல்லாம் முடிந்ததும் கொசுவைத் திருப்பிக் கேட்டாள்.

"குப்பைக்குப் போறது ஒனக்கு எதுக்குமா?"

"நாளைக்குக் கல்லறைத் திருநாள் சார். எல்லாரும் அவங்கவங்க கல்லறையில பூ வெச்சு மெழுகுவத்தி ஏத்துவாங்க. எங்களுக்குத்தான் கல்லறை இல்ல."

அசோகனுக்குப் புரியவில்லை.

"போன மாசம் அப்பா கடலுக்குக் கெளம்பச் சொல்லோ, தன் கையில கடிச்ச கொசுவ அடிச்சு, 'பூச்சி கேட்டியே, எட்துகினு போ'ன்னு குடுத்தாரு. அவரு போன போட்டு திரும்பி வரல. இதுல கீறது அவரு ரத்தம் சார். பொதைக்க வேற ஒண்ணும் கெடைக்கல."