உறைந்த மீன்

வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லர் இருந்தவரை வெந்நீர் யாரையும் கேட்காமல் தடித்த குழாய்களில் தானாக மேலே ஏறியது. மாடியறையில் இருந்த யோகமலருக்குத்தான் முதலில் சூடு. தம்பி தயாபரன் அந்தப் பாய்லரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியது வைத்தான். இப்போது அவனுடைய வரவேற்பறைச் சுவரிலிருக்கும் சிறு பெட்டி குளிரை உணர்ந்தால்தான் பம்ப் அறைகளின் ரேடியேட்டர்களுக்கு வெந்நீரைத் தள்ளும். பெட்டிக்கு அருகே அவனுடைய கணப்பு எரிந்துகொண்டிருந்தது.

“மேல ரேடியேட்டர் பிணம் மாதிரிக் கிடக்கடா. மூச்சு விட்டாப் புகை வருது.”

“பெட்டி இருபத்துநாலு காட்டுது அக்கா. வீடு முழுக்க ஒரே சூடுதான். உங்களுக்கு வயசு போட்டுது.”

“பெட்டிக்குப் பக்கத்தில நெருப்பை மூட்டிப்போட்டு என்ரை வயசைச் சொல்லுறியோ?”

“ரெண்டு சட்டை போடுங்கோ.” அவன் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் குளிர்பெட்டியிலிருந்து உறைந்துபோன பாரை மீனை எடுத்துவந்து, சுவர்ப் பெட்டியின்மேல் அழுத்திப் பிடித்தாள். சற்று நேரத்தில் நிலவறையில் பாய்லர் உறுமத் தொடங்கியது.

“மீனை எடுங்கோ அக்கா! புதுப் பெயின்ட் நாசமாப் போகுது!”

அவள் எடுக்கவில்லை. மீன்தண்ணீர் சுவரில் வழிந்தது. விரல்கள் மரத்துப்போயின. தயாபரன் வியர்த்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். அவள் மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தாள்.