அதிபருக்கு ஒரு ஓட்டு

"ஆர்லீன், உங்களுக்கு என்னதான் பிரச்சினை?"

விஸ்கான்சின் மாநிலப் பிரதிநிதிகளின் தலைவர் டுவைட் கத்தினார். அவர் தலையில், சீஸுக்குப் பேர்போன தங்கள் மாநிலத்தின் அடையாளமாக, சீஸ் துண்டு மாதிரி ஒரு மஞ்சள் தொப்பி. அதைப் போட்டுக்கொண்டு யார் கோபப்பட்டாலும் சிரிப்புதான் வரும். ஆனாலும் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டு அரங்கில் அந்த வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று அதிபர், தேர்தல் போட்டியிலிருந்து விலகி ஒரு மாதம் ஆகிறது. அவருக்குப் பதிலாகத் துணை அதிபர். மாநிலம் மாநிலமாகப் பெயர் கூப்பிடக் கூப்பிட, எல்லா ஓட்டும் அந்த அம்மாவுக்கே விழுந்துகொண்டிருந்தது. ஆர்லீன் மட்டும் விலகிப்போன அதிபருக்குத்தான் தன் ஓட்டு என்று சொல்லிவிட்டார்.

"அவர் போட்டியிலேயே இல்லையே!"

"தெரியும்."

"துணை அதிபரைப் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிக்கும்."

"அப்புறம்?"

ஆர்லீன் உப்பு பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

பின்வரிசையிலிருந்து கெயில் சொன்னாள்: "விடுங்க டுவைட். டிவியில மூஞ்சி தெரியணும்னு ஆசை. நாலு பேர் பேட்டி எடுப்பாங்கல்ல."

டுவைட் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாருங்க. நாலு வருஷமா அந்தம்மாவுக்கு என்ன வேலை? வெளிநாட்டுத் தலைவர் செத்தா மலர் வளையம் வைக்கறது. அதிபர் பேசறப்ப பின்னாடி நின்னு தலையாட்டறது. இப்பத்தான் அவங்க நாள் வந்திருக்கு. ஒரு ஓட்டு குறைஞ்சாலும் 'கட்சியில பிளவு'ன்னு பத்திரிகைக்காரன் எழுதிடுவான். மாத்துங்க. இல்லைன்னா அடுத்த மாநாட்டுக்கு உங்க பேரே இருக்காது."

முப்பது வருஷமாகப் பனியிலும் வீடு வீடாக ஏறி இறங்கிக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டவர் ஆர்லீன். முகம் ஒரு கணம் வாடியது.

"இல்லாட்டிப் போகுது. மாத்த மாட்டேன்."

ஒற்றை ஓட்டானாலும் அறிவித்தே ஆக வேண்டும். டுவைட் மைக்கைப் பிடித்தார். துணை அதிபருக்கு விழுந்த ஓட்டுகளை முழங்கினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு ஓட்டு... நம் அதிபருக்கு" என்றார்.

அரங்கம் அடங்கியது. எங்கோ ஒருவர் கைதட்டினார். அப்புறம் பத்துப் பேர். அப்புறம் அரங்கமே எழுந்து நின்றது. அன்று மாலை முழுவதும் யாருக்கும் நினைவில்லாத பெயர்! கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

டுவைட் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அந்தம்மா பாத்துட்டிருப்பாங்களே! நாளைக்கு எந்த மூஞ்சியோட அவங்க முன்னாடி நிப்பேன்?"

மறுநாள் காலைச் சிற்றுண்டியின்போது, நன்றி சொல்லத் துணை அதிபரே வந்தார். டுவைட் முந்திக்கொண்டு போய்க் கையைப் பிசைந்தார்.

"மன்னிக்கணும் மேடம். அந்த ஒரு ஓட்டு... எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்..."

துணை அதிபர் அவர் தோளைத் தட்டிவிட்டு, நேராக ஆர்லீனிடம் போனார். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ராத்திரி அதிபர் போன் பண்ணினார், ஆர்லீன். பேச முடியாம அழுதுட்டார். இவ்வளவு திட்டு வாங்கியும், அந்த ஓட்டை அவருக்குப் போடச் சொன்னது நான்தான்னு ஒருத்தர்கிட்டகூட நீங்க சொல்லலையே!"