அங்கம்மா கேட்கும் மீன்

இரண்டு கன்னத்திலும் வெற்றிலையை அடைத்துக்கொண்டுதான் குணசுந்தரி காசிமேட்டுக் கடற்கரை மணலில் இறங்கினாள்.

வாய் நிறைந்திருந்தால் மீன் ஏலம் கேட்க முடியாது. யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த வழி.

இடுப்பு முடிச்சில் நூல் வாங்கும் பணம் இருந்தது. உலக யுத்தம் முடிந்து வருஷங்கள் ஆகியும் வலை நூல் சுலபத்தில் கிடைப்பதில்லை. சுப்புராஜ் நாடார் கடைக்கு இன்று மூட்டை வருகிறது. வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். நூல் கிடைத்தால் அவள் புருஷன் கோதண்டம் தன் வலையைச் சரிசெய்துகொண்டு தன் கட்டுமரத்தில் கடலுக்குப் போவான். இல்லாவிட்டால் இந்தப் பருவமும் அடுத்தவன் மரத்தில் கூலிதான்.

போன மாதமும் இதே முடிச்சில் நூல் பணம்தான் இருந்தது. அங்கம்மா ஒரு கூறு கொடுவா மீனுக்கு விலை கேட்டாள். குணசுந்தரியின் வாய் தானாகத் திறந்துகொண்டது. எடுத்த கொடுவாவில் பாதி விற்றது. பாதி விலைபோகாமல் கருவாட்டு உப்புக்குப் போனது.

மீன் வேண்டும் என்று அவள் கேட்பதில்லை. அங்கம்மா கேட்கிறாளே என்று கேட்பாள்.

அங்கம்மா அந்தக் கரையில் மீன் வாங்கி விற்பதில் பழம் தின்று கொட்டை போட்டவள். செவுளைத் தூக்கி முகர்ந்து பார்ப்பாள். வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்துவாள். பிறகு அலட்சியமாக ஒரு விலை சொல்வாள். அவள் விலை சொன்ன மீனை விட்டுவிட்டால், ஊரெல்லாம் பிழைத்துக்கொள்ள, தான் மட்டும் வெறுங்கூடையோடு நிற்பதுபோல் குணசுந்தரிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நூல் கடைக்கு வேறு வழி இருக்கிறது. அந்த வழியில் போனால் இன்னும் மோசம். என்ன மீன் வந்ததோ, யார் எடுத்தார்களோ என்று ஆயுசுக்கும் அரிக்கும்.

முதல் கட்டுமரம் கரையேறியது. மணலில் வஞ்சிரத்தைக் கொட்டினார்கள்.

அங்கம்மா குனிந்தாள். முகர்ந்தாள். அழுத்தினாள். அடிமாட்டு விலை ஒன்றைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

மற்ற பெண்கள் குணசுந்தரியைத் திரும்பிப் பார்த்தார்கள். இவள் விலையை ஏற்றுவதும் அவள் ஏற்றுவதும் அவர்களுக்குத் தினமும் பார்க்கும் கூத்து.

“இன்னாடி குணா, வாய்ல கொழுக்கட்டையா?” என்று முழங்கையால் இடித்தாள் குப்பம்மா.

குணசுந்தரி தலையை ஆட்டினாள். சிவப்பு எச்சில் முகவாயில் வழிந்தது.

“ஒரு தரம்” என்றார் ஏலக்காரர், அவளையே பார்த்துக்கொண்டு.

நாக்கு வெற்றிலையை முட்டித் தள்ளியது. அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரெண்டு தரம். மூணு தரம். குணசுந்தரியே கேட்காத மீனை வேறு யாரும் கேட்கவில்லை; கூறு அங்கம்மாவுக்கு விழுந்தது.

வஞ்சிரம் அந்த விலைக்குப் போய் அந்தக் கரையில் யாரும் பார்த்ததில்லை. குணசுந்தரி கூட்டத்தைவிட்டு வெளியே வந்து வெற்றிலையைத் துப்பினாள். அழுகை வந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடித்தது. அங்கம்மா.

“நில்லுடி. மீனு கெட்டதா?”

“இன்னாக்கா சொல்றே?”

“தெனம் எம்மேல ஏத்தி ஏத்திக் கேப்பியே. இன்னிக்கு என் தலைல கட்டிட்டு நழுவுறியே, இன்னா சங்கதி?”

“நீ பாத்துத்தானே கேட்டே?”

அங்கம்மா அக்கம்பக்கம் திரும்பினாள். பிறகு குணசுந்தரியின் முகத்தை நோக்கிப் பேசினாள். பார்வை மட்டும் அவள் காதோரம் எங்கோ நின்றது.

“எங்கடி பாக்கறது? ரெண்டு வருசமா கண்ணுல பொகையா கீது. சும்மா ஒரு வெல போடுவேன். நீ ஏத்தினா நல்ல மீனு, நானும் ஏத்துவேன். உன் கண்ணத்தான் நம்பிக்கினு கீறேன். யாராண்டயும் சொல்லிடாத.”

குணசுந்தரி குவியலிடம் திரும்பிப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கெட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அங்கம்மா பயந்து வந்த விலைக்குக் கூறை அவளிடமே தள்ளிவிடுவாள், நூல் பணத்தில் மிச்சம்கூட இருக்கும்.

அந்த வார்த்தை அவள் தொண்டைவரை வந்தது.

“மொதல் தரம்க்கா. கண்ணு பளிச்சுனு கீது. பயப்படாத.”

அங்கம்மா பெருமூச்சு விட்டாள்.

குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். கண் தெரியாதவளைப் பார்த்துப் பார்த்து எத்தனை கூடை மீன், எத்தனை உப்பு! சிரித்து முடித்தபோது நெஞ்சு கனமில்லாமல் இருந்தது. அலைச் சத்தம் காதில் விழுந்தது. வந்ததிலிருந்து அதை அவள் கேட்டிருக்கவேயில்லை.

அடுத்த மரம் வந்தது. சங்கரா மீனைக் கொட்டினார்கள். பெண்கள் ஓடினார்கள்.

குணசுந்தரி ஓடவில்லை. அங்கம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்து போனாள். ஏலத்துக்கு முன் முதல்முறையாக அங்கம்மாவைப் பார்க்காமல் மீனைப் பார்த்தாள். பிறகு அவள் காதோரம் குனிந்தாள்.

“செவுளு வெளுத்துக் கெடக்கு.”

ஏலக்காரர் விலை கூவினார். அங்கம்மா குனியவுமில்லை, வாயைத் திறக்கவுமில்லை.

சுற்றி நின்ற அத்தனை பெண்களும் அங்கம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீனை யாரும் பார்க்கவில்லை. குப்பம்மா, கேட்கத் தூக்கிய கையை மெல்ல இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டாள்.

ஏலக்காரரின் குரல் மட்டும் விலையைக் குறைத்துக்கொண்டே தனியாகக் கேட்டது.

குணசுந்தரி முடிச்சை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு நூல் கடைப் பக்கம் நடந்தாள்.