பதினான்காம் பக்கம்

"தந்தி பதில் போட்டுச்சா?"

"இல்லக்கா. இன்னிக்கு மூணாவது நாள்."

மென்பொருளைச் சோதிக்கும் அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு, அதை எழுதியவளின் மேசைக்கு வந்தாள்.

தந்தி என்பது இவர்கள் வைத்த பட்டப்பெயர். கையேடு எழுதும் அந்த மனிதரை இருவரும் பார்த்ததில்லை. அவருடைய மின்னஞ்சலில் வணக்கம் இருக்காது, நன்றி இருக்காது. மூன்று சொல், ஒரு முற்றுப்புள்ளி.

கையும் வாயும் அசையாதவர்கள், திரையில் உள்ள எழுத்துகளைக் கண்ணால் பார்த்தே எழுத உதவும் மென்பொருள் அது. ஓப்பன் சோர்ஸ், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்து மாற்றிக்கொள்ளலாம். ஒரு மருத்துவமனையில் நாற்பது நோயாளிகள் காத்திருந்தார்கள். வெளியீடு அன்று மாலை ஐந்து மணிக்கு. ஆனால் எழுதியவர், சோதித்தவர், கையேடு தயாரித்தவர் மூவரும் 'சரி' சொன்னால்தான் வெளியிடுவது என்பது குழுவின் வழக்கம்.

"அப்படி என்னதான் குறையாம்?"

"பதினாலாம் பக்கம். 'திரை ஹேங் ஆனால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வது?' நான் எழுதித் தரணுமாம்."

"எழுதிக் குடுத்துட்டுப் போயேன்."

"ரெண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினாப் போதும். ஆனா ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அது வேற வேற. எல்லாத்தையும் பார்த்து எழுத ரெண்டு வாரம் ஆகும். நாப்பது பேர் பேச முடியாமக் கிடக்காங்க, இவருக்குப் புத்தகம் முழுசா வேணும்! யாராவது கேட்டா நானே சொல்லிட்டுப் போறேன்."

"செவ்வாக்கிழமை சண்டை போட்டியா?"

"சண்டையா? 'அந்தப் பக்கம் இல்லாமலே வெளியிடலாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க'ன்னு கேட்டேன். அதோட வாய்க்குப் பூட்டு."

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு."

ஒரு பக்கத்துக்காக ஒரு மனுஷர் மூன்று நாள் முறுக்கிக்கொள்வாரா? மென்பொருளை எழுதியவளுக்குக் கோபத்தைவிட ஆவல்தான் கூடியது. சோதித்துப் பார்ப்பதற்காகக் குழுவில் எல்லோருக்கும் கண்ணசைவைப் பிடிக்கும் கேமரா அனுப்பியிருந்தார்கள். அந்தக் கூரியர் ரசீதில் அவருடைய முகவரி இருந்தது. இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம்.

"விட்டுத் தள்ளேன்," என்றாள் அக்கா.

"ஆள் எப்படி இருப்பாருன்னாவது பார்த்துட்டு வரேன்."

இரண்டாவது மாடி. சோப்பு நுரைக் கையை முந்தானையில் துடைத்தபடி ஓர் அம்மாள் கதவைத் திறந்தார்.

"சாரைப் பார்க்கணும். கையேடு விஷயமா..."

"கண்ணால எழுதுறது பண்ணினது நீங்கதானா? நல்ல வேளை வந்தீங்கம்மா. உள்ள வாங்க, அவரும் உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருப்பாரு."

பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த சூடான நான்கு வாக்கியங்களை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிக்கொண்டு, அவள் உள்ளறைக்குள் நுழைந்தாள்.

கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே ஒருவர் சாய்ந்திருந்தார். கண்களைத் தவிர அவரிடம் எதுவும் அசையவில்லை. எதிரே கணினித் திரையில், அவள் எழுதிய மென்பொருள்.

"செவ்வாக்கிழமை உங்களுக்குப் பதில் எழுதும்போதே ஹேங் ஆயிடுச்சும்மா," என்றார் அந்த அம்மாள். "எப்பவும் என் தம்பிதான் எதையோ அழுத்திச் சரி பண்ணுவான். அவன் கப்பல் வேலைக்குப் போயிட்டான். அணைச்சா எழுதினது போயிடுமோன்னு நான் தொடவே இல்ல. உங்ககிட்ட கேக்கலாம்னா உங்க நம்பரும் அதுக்குள்ளதான் இருக்கு. மூணு நாளா அவர் ஒரு வார்த்தை பேசலம்மா."

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். பாதியில் நின்ற ஒரு வரி: 'சரி. அந்தப் பக்கம் இல்லாமலே வெளியி'

மென்பொருள் இரண்டு வாரம் கழித்து வெளியானது. கையேட்டில் பதினான்காம் பக்கம் முதல் பக்கமாக இருந்தது.